எல்லாருக்கும் கேட்ட மருந்து

நயா பைசா புழக்கத்துக்கு வந்து ஓராண்டு ஆகியிருக்கும். குற்றாலத்தில் அந்த வருஷம் ஆனி பிறந்ததுமே சாரல் பிடித்துக்கொண்டது. பேரருவிக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு சீசன் கடை உண்டு. மேலே தென்னங்கீற்று, முன்னால் ஒரு பலகை, பின்னால் சாக்குத் திரை, அவ்வளவுதான் கடை. பலகையில் நல்லெண்ணெய்க் குப்பிகளும் சீயக்காய்ப் பொட்டலங்களும் துண்டுகளும் இருக்கும். வியாபாரத்தை என் கணவர் பார்ப்பார். நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சீயக்காய் இடித்து, சலித்து, பொட்டலம் கட்டுவேன்.

ஆள் முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. தென்காசியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எனக்குத் திரை வசதியாக இருந்தது.

என் கணவருக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு, கருவிழியில் வெள்ளையாகப் பூ விழுந்து இடது கண் போய்விட்டது. வெளிச்சம், இருட்டு தெரியும், அதற்குமேல் தெரியாது. அவர் பார்ப்பது, நடப்பது, வியாபாரம் செய்வது எல்லாம் வலது கண்ணை வைத்துத்தான். நான் சொல்லப்போவது அந்த வலது கண்ணைப் பற்றி.

சீசனில் கண் சிவப்பது குற்றாலத்தில் பெரிய விஷயம் இல்லை. எண்ணெய் இறங்கும், சீயக்காய் தெறிக்கும், அத்தனை கூட்டமும் ஒரே அருவியில் தலையைக் கொடுக்கும். ஒருவருக்குக் கண்வலி வந்தால் ஒட்டுவாரொட்டியாகப் பத்துப் பேருக்கு வரும். அதற்கு முந்தின சீசனில் என் கணவருக்கும் வந்தது. தபாலாபீசில் வேலை பார்த்த ஒரு அண்ணாச்சி அப்போது மருந்து கொடுத்தார். காசு வாங்காமல் ஓமியோபதி பார்ப்பவர் அவர். வீட்டில் ஒரு மரப்பெட்டி நிறையச் சின்னச் சின்னக் குப்பிகள் வைத்திருப்பார். சாயங்காலமானால் வாசலில் நாலு பேர் நிற்பார்கள்.

அவர் கொடுத்தது யூப்ரேசியா என்கிற சொட்டு மருந்து. சீமையில் புல்வெளியில் முளைக்கிற ஒரு சின்னச் செடியாம். அதன் பூவில், சிவந்த கண்ணில் செவ்வரி ஓடுவதுபோலக் கோடுகள் இருக்குமாம். அந்தச் செடியின் சாற்றை, மருந்துக்கடையில் விற்கிற காய்ச்சி வடித்த தண்ணீரில் சொட்டுக் கணக்கில் கலந்து தருவார். முள்ளை முள்ளால் எடுப்பதுபோல, கண்ணைச் சிவக்க வைக்கிற சரக்கே சிவந்த கண்ணையும் ஆற்றும் என்பது அவர்கள் சாஸ்திரம். தண்ணீர் சேரச் சேர, குலுக்கக் குலுக்க வீரியம் கூடும் என்றும் சொன்னார். சில நாளில் என் கணவருக்கு நல்லாகிவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு அந்த மருந்தின்மேல் அப்படியொரு பக்தி. யூப்ரேசியா என்று வாயில் நுழையாததால் ‘பூத்தண்ணி’ என்று பெயர் வைத்துக்கொண்டார்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு யாராவது கடை முன்னால் வந்துவிட்டால் போதும், “உக்காருங்க, நம்மகிட்ட மருந்து இருக்கு” என்று பலகையில் உட்கார வைத்து இரண்டு சொட்டு விடுவார். இப்படி எத்தனையோ பேருக்கு விட்டார். எலுமிச்சங்காய்க் கமிஷன் கடைக்காரர் ஒருவர், போன சீசனில் சொட்டு போட்டுக்கொண்டவர், இந்த சீசனுக்கு வரும்போது புளியங்குடியிலிருந்து ஒரு கூடை காய் கொண்டுவந்து இறக்கினார்.

“அண்ணாச்சி, உங்க மருந்து என்னமாக் கேட்டுது தெரியுமா? வீட்டுக்குப் போய்ச் சேரதுக்குள்ள கண்ணு பளிச்சுன்னு ஆயிட்டு.”

“கேக்கும்லா! இது வரைக்கும் கேக்கல்லைன்னு ஒருத்தன் வந்து சொன்னது கிடையாது.” என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. குப்பியோ சுண்டுவிரல் உயரம். இத்தனை பேருக்கு விட்டும் அது தீர்ந்ததே இல்லை. அவ்வப்போது தபாலாபீஸ் அண்ணாச்சியிடம் போய் வாங்கி வருகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள், நல்ல கூட்டம். பொடி தீர்ந்துபோனதால் அவரும் திரைக்குப் பின்னால் வந்து எனக்கு ஒத்தாசையாகக் காய்ந்த சீயக்காயை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காய் படக்கென்று ஒடிந்து, சில்லு அவர் வலது கண்ணில் தெறித்தது. கசக்கினார், தண்ணீர் விட்டுக் கழுவினார். சில்லு வந்துவிட்டது. ஆனால் உறுத்தல் போகவில்லை. உடனே பூத்தண்ணி விட்டுக்கொண்டார்.

மறுநாள் கண் செக்கச் செவேல் என்றிருந்தது. பக்கத்தில் பூக்கடை வைத்திருந்தவள் எட்டிப் பார்த்தாள். எனக்கு மதினி முறை வேண்டும் என்று அவளாகவே முறை வைத்துக்கொண்டவள்.

“என்ன அண்ணாச்சி, மதினி ராத்திரி உலக்கையால போட்டுட்டாளா?”

“சீயக்காய்ச் சில்லு தெறிச்சிட்டு.”

“நந்தியாவட்டைப் பூவை வச்சுக் கட்டுங்க. குளுகுளுன்னு இருக்கும். இந்தா, எங்கிட்டயே கிடக்கு.”

“ஏட்டி, நீ நாட்டுப்பூ விக்க. எங்கிட்ட இருக்கது சீமைப்பூ. போய் யாவாரத்தப் பாரு.”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்கும் அப்போது சிரிப்புதான் வந்தது.

அதற்கடுத்த நாட்களில் சிரிப்பு போய்விட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. வெளிச்சம் பட்டால் கூசியது. துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு வியாபாரம் செய்தார். எண்ணெய் கேட்டவர்களுக்குத் துண்டை எடுத்து நீட்டினார். ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்தார். வேறு யாரிடமாவது காட்டலாமே என்றேன்.

“உனக்குத் தெரியாதுட்டி. மருந்து உள்ள போய் வேலை செய்யும்போது மொதல்ல நோவக் கூட்டத்தான் செய்யும். அண்ணாச்சியே சொல்லியிருக்காரு. கூடுதுன்னா மருந்து கேக்குதுன்னு அர்த்தம்.”

உரலில் காயைப் போட்டு இடித்துக்கொண்டே இதை யோசித்தேன். நோவு குறைந்தால் மருந்து கேட்கிறது. கூடினாலும் மருந்து கேட்கிறது. அப்படியானால் கேட்கவில்லை என்பதை எதை வைத்துத்தான் தெரிந்துகொள்வது? எட்டாம் வகுப்புப் படித்தவளுக்கே இந்தக் கேள்வி வந்தது. ஆனால் அதை வாய்விட்டுக் கேட்க வரவில்லை.

ஒருநாள் காலையில் சாரல் விட்டு நல்ல வெயில் அடித்தது. கடைக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து, “நீயே விடுட்டி, எனக்குக் கை நடுங்குது” என்று அண்ணாந்தார். இமையை விரித்துப் பிடித்தேன். கண்வலி வந்தால் எல்லோரும் சிவப்பைத்தான் பார்ப்போம், குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா என்று. அன்று வெயில் நேராக முகத்தில் விழுந்ததால் கருவிழியைப் பார்த்தேன். அதில் ரவை அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி.

பூ விழுந்த கண்களை நான் பார்த்திருக்கிறேன். நித்தமும் அவருடைய இடது கண்ணைப் பார்க்கிறவள்தானே. சொட்டு விடாமலே குப்பியை மூடி முந்தியில் முடிந்துகொண்டேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடையை ஒரு நிமிஷம் பார்த்துக்கொள் என்று பூக்காரியிடம் சொல்லிவிட்டு நேராகத் தபாலாபீசுக்கு நடந்தேன்.

அதற்குமுன் நான் தனியாக ஒரு ஆபீசுக்குள் நுழைந்ததில்லை. வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் ஆண்கள். என் முறை வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி குனிந்து ஏதோ முத்திரை குத்திக்கொண்டே கேட்டார்.

“கார்டா, கவரா?”

“கார்டு” என்று சொல்லிவிட்டேன்.

கார்டு வாங்கிக் காசையும் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். பின்னால் இருந்தவர், “நகருங்கம்மா, கார்டு வாங்கியாச்சுல்லா?” என்றார். என்னால் நகரவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்.

“நம்ம சீயக்காய்க் கடைத் தங்கச்சியா? என்ன விஷயம்?”

“அவுகளுக்குக் கண்ணுல பூ விழுந்திருக்கு அண்ணாச்சி” என்றேன். சொன்னதுமே அழுகை வந்துவிட்டது.

அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டுக் குடையைக்கூட எடுக்காமல் கிளம்பி வந்தார். கடைக்கு வந்ததும் என் கணவரை வெளிச்சத்தில் உட்கார வைத்து இமையை விலக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

“எப்ப இருந்து வே?”

“சில்லு தெறிச்சதுல இருந்து. பூத்தண்ணி விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“சில்லா? சில்லு தெறிச்சுதா? எங்கிட்ட யாரு சொன்னா? சரி, என்ன பூத்தண்ணி? இந்த சீசன்ல நீரு எங்கிட்ட மருந்தே வாங்கலையே.”

நான் முந்தியிலிருந்து குப்பியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது போன வருசம் நான் தந்ததுல்லா? கொஞ்ச நாள்ல மிச்சத்தக் கீழ ஊத்திரும்னு சொன்னேனே. இது எப்பிடி ரொம்பி இருக்கு?”

என் கணவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். “தீரத் தீர நம்ம அருவித் தண்ணிய விட்டுக் குலுக்கிக்கிடுவேன் அண்ணாச்சி. ஆள் குளிக்கிற இடத்துல பிடிக்கல்ல, மேல ஏறிப் போய்ப் பிடிக்கேன். அத்தனை மூலிகையிலயும் பட்டு வார தண்ணி. நீங்கதான சொன்னிய, தண்ணி சேரச் சேர வீரியம் கூடும்னு?”

அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

“இதையா ஊருக்கெல்லாம் விட்டீரு?”

“ஆமா. எல்லாருக்கும் கேட்டுது.”

“கேட்டுது கேட்டுதுங்கேரே, யாரை வே போய்க் கேட்டீரு?”

அண்ணாச்சி விடவில்லை.

“குளிக்க வாரவன் ரெண்டு நாள் இருப்பான், ஊரைப் பாக்கப் போயிருவான். நல்லானவன் அடுத்த சீசனுக்கு எலுமிச்சங்காயோட வாரான். நல்லாகாதவன் உம்மைத் தேடி இங்கன வருவானா, அவன் ஊர்ல டாக்டரைத் தேடிப் போவானா?” பிறகு தனக்குத் தானே பேசிக்கொள்வதுபோலச் சொன்னார். “இதுல என் மருந்து மருந்துக்குக்கூட இருக்காது. அருவித் தண்ணிக்கே எல்லாருக்கும் நல்லாச்சுன்னா, அப்ப நல்லாக்குனது எது? நான் குடுத்த ஆளுகளுக்கும் இதே கதைதானோ என்னமோ.”

அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன். அப்போது எனக்கு அதெல்லாம் மனதில் படவில்லை. கண் பிழைக்குமா என்பது ஒன்றுதான்.

“அண்ணாச்சி, வேற மாத்திரை எதுவும் தாங்க” என்று என் கணவர் கெஞ்சினார்.

“என் பெட்டியில இதுக்கு ஒண்ணும் கிடையாது. பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்கு இல்ல, இப்பமே.”

“அங்கன போனா கண்ணைத் தோண்டிருவான். சீசன் இன்னும் பாதி கிடக்கு. ஆடி அமாவாசை கழிச்சுப் போறேனே.”

அப்போது கடை முன்னால் எண்ணெய் வாங்க நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் திரையை விலக்கி வெளியே வந்தேன். பலகையில் இருந்த குப்பிகளை எடுத்துச் சாக்கில் போட ஆரம்பித்தேன். “எம்மா, எண்ணெய் வேணும்” என்றார் ஒருவர்.

“கடை இன்னைக்குக் கிடையாது. இவுக கண்ணு போச்சுன்னா என்னைக்கும் கிடையாது” என்றேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, “எந்திரிங்க” என்றேன்.

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. அவர் உடனே எழுந்துவிட்டார். பூக்காரி, “போயிட்டு வாங்க மதினி, உங்க யாவாரத்த நான் பாத்துக்கிடுதேன். பொட்டலத்துல கல்லைக் கலக்க மாட்டேன், பயப்படாதீய” என்றாள். தபாலாபீஸ் அண்ணாச்சி தென்காசி பஸ்ஸில் எங்களை ஏற்றி, சன்னல் வழியாகத் தன் துண்டை நீட்டி, “கண்ணைக் கசக்க விடாதே தங்கச்சி. டாக்டர்கிட்ட ஒண்ணு விடாமச் சொல்லு. குப்பியையும் காட்டு” என்றார். தென்காசியில் ரயில் பிடித்தோம்.

பாளையங்கோட்டையில் கண் டாக்டர், கண்ணில் ஏதோ ஒரு சாயச் சொட்டை விட்டு விளக்கு அடித்துப் பார்த்தார். சாயம் அந்தப் புள்ளியில் பச்சையாகப் பிடித்துக்கொண்டு நின்றது. கருவிழியில் புண் என்றார். இன்னும் சில நாள் போயிருந்தால் புண் உள்ளே துளைத்திருக்கும் என்றும் சொன்னார். அன்றே பெட்டில் சேர்த்தார்கள். களிம்பு, சொட்டு மருந்து, கட்டு என்று சீசன் முடிகிற வரைக்கும் அங்கேதான் இருந்தோம். இரண்டு கண்ணும் தெரியாமல் அவர் கட்டிலில் கிடந்த அந்த நாட்களில், நான் கழிவறைக்குப் போனால்கூட, “ஏட்டி, எங்கன இருக்க?” என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

கட்டுப் பிரித்த அன்று டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். இவர் விரலை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, “என்னட்டி இப்பிடிக் கறுத்துப் போயிட்ட?” என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். நான் வெளியே ஓடிப் போய் அழுதேன்.

ஊருக்குக் கிளம்பும்போது டாக்டரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். குப்பியை மேசையில் வைத்து, “இந்தப் பூ மருந்து பொய்தானா சார்? அருவித் தண்ணிதான் கண்ணைக் கெடுத்துதா?” என்று.

அவர் நிதானமாகச் சொன்னார். புண்ணுக்குக் காரணம் சில்லு. கீறின கண்ணில் சுத்தமில்லாத தண்ணீரை விட்டது அதற்கு மேல் கெடுதல். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தன்னால் முடியாது. அந்தப் பூ மருந்தைப் பற்றித் தானும் படித்திருப்பதாகச் சொன்னார். இன்னாருக்குச் சுகமானது, இன்னாருக்குச் சுகமானது என்றுதான் எழுதியிருக்கிறார்களாம். “சாதாரணமாச் சிவக்கிற கண்ணு முக்கால்வாசி தன்னாலயே சரியாயிடும்மா. மருந்து போட்டவங்களையும் போடாதவங்களையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் மருந்துக்கு வேலை இருக்கா இல்லையான்னு தெரியும். அப்படிப் பார்த்து நல்லதுன்னு சொன்னதை நான் படிச்சதில்லை. அதுவரைக்கும் அது மருந்துன்னு எப்படிச் சொல்றது?”

அந்தப் பேச்சு எனக்கு நன்றாகப் புரிந்தது. அடுத்த வருஷம் எனக்கே கண்வலி வந்தபோது, நானே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டு கண்ணும் ஒன்றுபோலச் சிவந்திருந்தன. முதலில் கண்ணாடியை வைத்துக் கருவிழியில் ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். தபாலாபீஸ் அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொல்லி, புதிதாகக் கலந்த சொட்டு வாங்கி வலது கண்ணுக்கு மட்டும் விட்டேன். இடது கண்ணைக் கொதிக்க வைத்து ஆறின தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்ததோடு சரி. இரண்டு கண்ணும் ஒன்றாகவே வெளுத்தன.

என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு கண்ணும் பக்கத்து வீட்டுக்காரங்க. ஒரு வீட்டுல கொழம்பு வச்சா அடுத்த வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகாதா? வலது கண்ணு மருந்து இடதுக்கும் போயிருக்கும்” என்றார். அண்ணாச்சியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்குச் சொல்லிப் புரியவைக்க எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் விஷயம் விளங்கிவிட்டது.

அண்ணாச்சி ஓமியோபதியை விட்டுவிடவில்லை. சளி, காய்ச்சல் என்று வருகிறவர்களுக்கு இன்றும் அந்த இனிப்பு உருண்டைகளைக் கொடுக்கிறார். அதைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. கண் என்று யாராவது வந்தால் மட்டும் பெட்டியைத் திறக்கமாட்டார். வெளிச்சத்தில் நிறுத்திக் கருவிழியைப் பார்ப்பார். வலி இருக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, ஏதாவது தெறித்ததா, பார்வை மங்கலா என்று கேட்பார். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால், “சுத்தமான தண்ணியில துடைச்சிட்டுச் சும்மா இரும். தன்னால போயிரும்” என்பார். மருந்து தராத வைத்தியர் என்று சிலர் கேலி செய்கிறார்கள். நான் மட்டும் அந்தக் கேலியில் சேர்ந்துகொள்வதில்லை.

என் கணவரின் கண்ணில் இப்போதும் புகை படிந்ததுபோல மெல்லிய தழும்பு ஒன்று இருக்கிறது. ஊசியில் நூல் கோக்க முடியாது. மற்றபடி கடையை அவர்தான் பார்க்கிறார். நானும் முன்போலத் திரைக்குப் பின்னால் உட்காருவதில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு யார் வந்தாலும், ஆண் பெண் என்று பார்க்காமல், முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

மனிதர்களை நம்புவது தப்பு என்று இந்த அனுபவம் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் கண்ணைப் போன்ற ஒன்றை ஒருவர் கையில் ஒப்படைக்கும் முன், ‘இது என்னால் ஆகாது’ என்று சொல்லத் தெரிந்தவர்தானா அவர் என்று பார்த்துக்கொள்ள அன்று முதல் எனக்குத் தெரியும்.